பாதி நேரம் என்பது முழு விடையா?

கருப்பைப் பாலிப் அகற்றும் முறைகளின் ஒப்பீடுகள் பற்றி ஒரு விமரிசனம்

மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடத்தில் வழவழப்பான வண்ணத்தாள்கள் சிலவற்றை வைத்திருப்பார்கள். சென்ற ஆண்டு என் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தபோது அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்தது. கருப்பையில் தோன்றும் 'பாலிப்' என்னும் சதை வளர்ச்சியை அகற்றும் புதுக் கருவி ஒன்றைப் பற்றியது. அதில் இரண்டு பட்டைகள் வரையப்பட்டிருந்தன. உயரமான பட்டை பழைய முறை. குட்டையான பட்டை புதிய முறை. கீழே, "பாதி நேரம் போதும்" என்று ஒரு வரி. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை அளந்தார்கள், எத்தனை நோயாளிகள், யார் செய்தது என்று எதுவும் இல்லை. அச்சில் அலகுகூட இல்லை. முதலாண்டு மாணவன் செய்முறைக் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரைபடம் போட்டு வந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் இது குறிப்பேடு அன்று. அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கு ஒழுங்கின்றி, இடையிடையே உதிரப்போக்கு. இருமுறை வேறோர் இடத்தில் மயக்க மருந்து கொடுத்துக் 'கருப்பையைச் சுத்தம்' செய்தார்கள். சில வாரம் நின்று, மறுபடியும் தொடங்கிவிடும். பிறகு, "கருப்பையையே எடுத்துவிடலாம்" என்றார்கள். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் உள்ளே கருவி விட்டுப் பார்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு பாலிப் இருப்பதைத் திரையில் காட்டினார். அக்கா அந்த வண்ணத்தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, நீ அளவெடுக்கிறதைச் சொல்லிக் கொடுக்கிறவன்தானே? இதில் போட்டிருப்பது சரியா என்று பார்த்துச் சொல்" என்றாள்.

நான் மருத்துவன் அல்லன். எந்தச் சிகிச்சை வேண்டும் என்று சொல்வது என் வேலையும் அன்று. ஆனால் ஓர் அளவீடு எப்படிச் செய்யப்பட்டது, அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், என்ன முடிவுக்கு வரக்கூடாது என்று கேட்பது இயற்பியல் ஆசிரியனின் அன்றாட வேலை. அந்த அளவில் நிற்கும் கட்டுரை இது.

பாலிப் என்பது என்ன?

கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியுள்ள மென்சவ்வு ஓரிடத்தில் மட்டும் மிகையாக வளர்ந்து உட்குழிவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதே பாலிப். சில, காம்பில் தொங்கும் சிறு பழம் போல் இருக்கும்; சில, அகன்ற அடியுடன் சுவரோடு ஒட்டியிருக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை அளவு வேறுபடும். ஒழுங்கற்ற உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்றபின் உதிரம் காணுதல், சிலருக்குக் கருத்தரிப்பில் தடை ஆகியவை இதனால் வரலாம்.

பெரும்பாலான பாலிப்கள் தீங்கற்றவை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கணக்கின்படி, புற்றோ புற்றுக்கு முந்திய மாற்றமோ காணப்பட்டது மாதவிலக்கு நிற்காத பெண்களில் 1.7 விழுக்காடு, நின்ற பெண்களில் 5.4 விழுக்காடு. ஆகவே எடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது இன்றியமையாதது. மறுபக்கம், எல்லாப் பாலிப்களையும் எடுத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. நார்வேயில் நடந்து 2009-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ நான்கில் ஒரு பாலிப் ஓராண்டுக்குள் தானாகவே மறைந்துவிட்டது. சிறியவையே இவ்வாறு மறையும் வாய்ப்பு மிகுதி. "எந்தக் கருவியால் எடுப்பது?" என்னும் கேள்விக்கு முன்னே "எடுக்கத்தான் வேண்டுமா?" என்றொரு கேள்வி உண்டு. வண்ணத்தாளில் அது இல்லை.

இருட்டும் வெளிச்சமும்

அக்காவுக்கு இருமுறை செய்தது 'டி அண்டு சி' எனப் பரவலாக அறியப்படும் சுரண்டல் முறை. கருப்பையின் வாயை விரித்து, கரண்டி போன்ற கருவியை உள்ளே விட்டு, கைத்தடவலை மட்டும் நம்பிச் சவ்வைச் சுரண்டி எடுப்பது. கண்ணால் எதையும் காண்பதில்லை. பாலிப்போ வழுக்கும், அசையும். கரண்டியின் விளிம்பு பட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். இருட்டறையில் மீன்தொட்டிக்குள் கையை விட்டு ஒரே ஒரு மீனைப் பிடிப்பது போன்ற வேலை. அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். அகப்பட்டதா என்பதைச் சுரண்டியவரே அறியமாட்டார்.

கருப்பைக்குள் வெளிச்சம் போட்டுப் பார்க்கும் முயற்சி புதிதன்று. 1869-இலேயே பாந்தலியோனி என்ற மருத்துவர், விளக்கொளியைக் குழாய்வழிச் செலுத்தும் கருவியைக் கொண்டு, உதிரப்போக்கால் வருந்திய ஒரு முதிய பெண்ணின் கருப்பைக்குள் பாலிப் போன்ற வளர்ச்சியைக் கண்டு, வெள்ளி நைட்ரேட்டால் அதைச் சுட்டார் என்று பதிவாகியுள்ளது. ஆயினும் முறை பரவவில்லை. காரணம் ஒளியியலில் இருந்தது. பழைய அகநோக்கிகளில் நீண்ட குழாய்க்குள் சிறு வில்லைகள் இடையிடையே பொருத்தப்பட்டிருந்தன; நடுவில் இருந்ததெல்லாம் காற்று. படம் மங்கலாகவும் குறுகலாகவும் வந்தது. 1959-இல் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலர் இதைத் தலைகீழாக்கினார். குழாயை நீண்ட கண்ணாடித் தண்டுகளால் நிரப்பினார்; இடையே விட்ட மெல்லிய காற்றிடைவெளிகளே வில்லைகளின் வேலையைச் செய்தன. அதே விட்டமுள்ள குழாயில் பன்மடங்கு ஒளி வந்தது. விளக்கையும் உள்ளே கொண்டுபோக வேண்டியதில்லை. வெளியிலுள்ள விளக்கின் ஒளியை ஒளியிழைக் கற்றை கொண்டுசெல்லும். ஒளியிழைக் கற்றையின் வழியே படத்தைக் கடத்திக் காட்டி 1954-இல் கட்டுரை வெளியிட்டவர்களும் அதே ஹாப்கின்ஸும், நம் நாட்டவரான நரீந்தர் சிங் கபானியும்தாம்.

இன்றைய கருப்பை அகநோக்கி இந்த ஒளியியலின் பிள்ளை. மூடிக்கிடக்கும் கருப்பையை விரித்துப் பிடிக்க உப்புக் கரைசல் போன்ற திரவம் ஒன்றைச் செலுத்துகிறார்கள். தேவையான அழுத்தம் 70 முதல் 100 மி.மீ. பாதரசம். திரவப் பையை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் கிடைக்கும் அழுத்தம் 1000-ஐ 13.6-ஆல் வகுத்தால் வரும் சுமார் 74 மி.மீ. பாதரசம். ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

கருவிகள் நான்கு

கண்ணால் பார்த்துக்கொண்டே பாலிப்பை அகற்றும் முறைகள் இன்று முக்கியமாக நான்கு.

முதலாவது, மெல்லிய கத்தரிக்கோலும் இடுக்கியும். அகநோக்கியின் பக்கக் குழாய்வழியே ஒன்றரை மி.மீ. தடிப்புள்ள கத்தரியைச் செலுத்திக் காம்பை நறுக்கி, இடுக்கியால் பற்றி வெளியே இழுப்பது. கருவி ஐந்து மி.மீ. அளவில் இருப்பதால் பெரும்பாலும் கருப்பை வாயை விரிக்க வேண்டுவதில்லை. முழு மயக்கமும் தேவையில்லை. இத்தாலியின் பெத்தோக்கியும் அவர் குழுவினரும் இவ்வாறு மயக்க மருந்தின்றிச் செய்த 4,863 சிகிச்சைகளின் விவரத்தை 2004-இல் வெளியிட்டனர். கத்தரிக்கோலைத் தூய்மைப்படுத்தி மறுபடி பயன்படுத்தலாம். குறை என்னவென்றால், பெரிய பாலிப்பைக் காம்பிலிருந்து அறுத்துவிட்டாலும், குறுகிய வாய்வழியே வெளியே கொண்டுவருவது கடினம்.

இரண்டாவது, ஒற்றைமுனை மின்வளையம். கம்பி வளையத்தில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும். அது நோயாளியின் உடல்வழியே சென்று, தொடையில் ஒட்டிய அகன்ற தகட்டின்மூலம் திரும்பும். நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டமாதலால் நரம்பும் தசையும் துடிப்பதில்லை. வளையம் சுடும்போது தகடு ஏன் சுடுவதில்லை? வெப்பம், மின்னோட்ட அடர்த்தியின் இருபடிக்கு நேர்விகிதம். தகட்டின் பரப்பு வளையத்தைப்போல் ஆயிரம் மடங்கு என்று கொண்டால், ஓரலகுப் பருமனில் வெப்பம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. உப்புக் கரைசல் மின்கடத்தி. அதற்குள் இந்த வளையத்தை வைத்தால் மின்னோட்டம் சிதறிவிடும். ஆகவே மின்கடத்தாத 1.5 விழுக்காட்டுக் கிளைசின் போன்ற கரைசலை நிரப்பவேண்டும். ஒரு லிட்டரில் 15 கிராம் கிளைசின், மூலக்கூற்று எடை 75, ஆக 0.2 மோல். அதாவது சவ்வூடு செறிவு 200 மில்லி ஆஸ்மோல். நம் இரத்தத்திலோ ஏறத்தாழ 285. வெட்டுண்ட நாளங்களின்வழி இந்த நீர்த்த கரைசல் இரத்தத்தில் கலந்தால் சோடியம் குறைந்து மூளை வீங்கும் அபாயம் உண்டு. அதனால்தான் இத்தகைய கரைசல் ஒரு லிட்டர் உட்கவரப்பட்டதும் நிறுத்திவிடவேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் வரம்பிடுகின்றன.

மூன்றாவது, இரட்டைமுனைக் கருவி. போகும் முனையும் திரும்பும் முனையும் கருவியிலேயே இருப்பதால் மின்னோட்டம் உடலைச் சுற்றவேண்டியதில்லை. உப்புக் கரைசலிலேயே இயங்கும். 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலின் செறிவு 308; இரத்தத்துக்கு நெருக்கம். உட்கவர்தல் வரம்பு இங்கே இரண்டரை லிட்டர். அபாயம் மறையவில்லை, இரத்தத்தில் திரவம் மிகுவது எந்தக் கரைசலாயினும் இதயத்துக்குச் சுமைதான். ஆனால் எல்லை விரிந்தது.

நான்காவது, மார்சிலேட்டர் என்னும் நறுக்கி உறிஞ்சும் கருவி. ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள். வெளிக்குழாயின் பக்கத்தில் ஒரு சன்னல். உறிஞ்சு விசை பாலிப்பைச் சன்னலுக்குள் இழுக்க, சுழலும் உட்குழாயின் விளிம்பு அதை நறுக்குகிறது. துண்டுகள் உடனுக்குடன் வெளியேறி வலையில் சேரும். சதையில் மின்சாரம் இல்லை, சூடும் இல்லை. நறுக்கிய துண்டைத் தனியே வெளியே இழுக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் உதிரம் கசியும் நாளத்தைச் சுட்டு அடைக்க இதனால் இயலாது. வெட்டும் பகுதி பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்தி எறிவது; அதன் விலை ஒவ்வொரு நோயாளியின் பட்டியலிலும் ஏறும்.

கடிகாரம் சொன்னவை

வண்ணத்தாளின் 'பாதி நேரம்' எங்கிருந்து வந்திருக்கும்? வெளியான ஆய்வுகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

2005-இல் நெதர்லாந்திலிருந்து வந்த முதல் அறிக்கை: பாலிப்களுக்கு மார்சிலேட்டரில் சராசரி 8.7 நிமிடம், மின்வளையத்தில் 30.9 நிமிடம். விகிதம் மூன்றரை மடங்கு! ஆனால் இது முன்கூட்டித் திட்டமிட்டு நோயாளிகளைச் சரிசமமாகப் பிரித்துச் செய்த சோதனை அன்று. நடந்து முடிந்தவற்றின் பதிவேடுகளை ஒப்பிட்டது. அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் கருவியை உருவாக்கியவர். அவரது நேர்மையில் ஐயமில்லை. ஆனால் தன் கருவியைத் தானே ஓட்டும்போது கை தேர்ந்திருக்கும் என்பதை மறக்கலாகாது.

2008-இல் அதே நாட்டில், 60 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். சிகிச்சை செய்தவர்கள் பயிற்சியிலிருந்த ஆறு மருத்துவர்கள். மின்வளையத்துக்கு 17.0 நிமிடம், மார்சிலேட்டருக்கு 10.6. விகிதம் மூன்றரையிலிருந்து 1.6 ஆக இறங்கிவிட்டது. இது நல்ல சோதனை. ஆயினும் அது விடை கூறும் கேள்வி, "கற்றுக்கொள்பவருக்கு எது எளிது?" என்பதே. இருபதாண்டுத் தேர்ச்சியுள்ள கைக்கும் அதே விகிதம் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

2014-இல் பிரிட்டனில் 121 பெண்களிடம் முழு மயக்கமின்றிப் புறநோயாளி நிலையில் நடந்த குலுக்கல் சோதனை: இடைநிலை நேரம் மார்சிலேட்டரில் 5 நிமிடம் 28 நொடி; மின்முறையில் 10 நிமிடம் 12 நொடி. இதோ 'பாதி நேரம்'. பாலிப் முழுமையாக அகன்றது 62 பேரில் 61 பேருக்கு. மறுபிரிவில் 59 பேரில் 49 பேருக்கு. வலியின் அளவு நூறுக்கு 36, மறுபிரிவில் 52. மூன்றிலும் புதுக்கருவி முந்துகிறது. நேரக் கணக்கைவிட இந்த இரண்டாவது எண்ணே எனக்குக் கனமாகப் படுகிறது. ஒன்றுக்கு எதிராகப் பத்துத் தோல்விகள் என்பது தற்செயலாக எளிதில் நேரக்கூடியதன்று.

ஆனால் எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். மறுபிரிவில் இருந்தது பெரிய மின்வளையம் அன்று. சிறு அகநோக்கியின் பக்கக் குழாயில் செல்லும் மெல்லிய இரட்டைமுனைக் கம்பி. அதனால் அறுத்தபின் பாலிப்பை இடுக்கியால் தனியே இழுத்தெடுக்க வேண்டும். கத்தரிக்கோல் இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. 'பழைய முறை' என்று வண்ணத்தாள் ஒரே சொல்லில் அடக்கியது, மூன்று ஆய்வுகளிலும் ஒரே பொருள் அன்று. அளவுகோல் மாறிக்கொண்டிருக்கையில் நீளத்தை ஒப்பிடுவது எப்படி?

கடிகாரம் சொல்லாதவை

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் ஆய்வுக்கு வருகிறேன். பிரிட்டனின் 31 மருத்துவமனைகளில், உதிரப்போக்குள்ள 507 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியானது. இது கருவிகளை ஒப்பிடவில்லை, இடங்களை ஒப்பிட்டது. ஒரு பிரிவினருக்குப் புறநோயாளிப் பிரிவில், விழித்த நிலையில். மறுபிரிவினருக்கு உள்நோயாளியாக, அறுவை அரங்கில். எந்தக் கருவி என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டார்கள். வெற்றி என்பதை அளந்தது கடிகாரம் அன்று. ஆறு மாதம் கழித்து, "உங்கள் உதிரப்போக்குத் தொல்லை தீர்ந்ததா?" என்று அந்தப் பெண்களிடமே கேட்டார்கள்.

விடை: புறநோயாளிகளில் 73 விழுக்காட்டினரும் உள்நோயாளிகளில் 80 விழுக்காட்டினரும் "ஆம்" என்றனர். முன்பே வரையறுத்த எல்லைக்குள் இந்த வேறுபாடு அடங்கிவிட்டது. பாலிப்பை அகற்ற முடியாமற் போனது புறநோயாளிகளில் 19 விழுக்காடு; உள்நோயாளிகளில் 7 விழுக்காடு. இன்னொரு பக்கம், கருப்பைச் சுவரில் துளை விழுந்தது உள்நோயாளிகளில் நால்வருக்கு. அவர்களில் ஒருவருக்குக் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தது. புறநோயாளிகளில் ஒருவருக்கும் துளை விழவில்லை.

இந்த எண்களைச் சற்று நேரம் உற்று நோக்குவோம். அகற்றுவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு 12 புள்ளி. குணத்திலோ 7 புள்ளிதான். உள்நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவருக்குப் பாலிப் அகன்றது. ஆனால் தொல்லை தீர்ந்தது எண்பது பேருக்கே. அப்படியானால் பாலிப் போவதும் நோய் போவதும் ஒன்றல்ல. உதிரப்போக்குக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. நிமிடங்களை அளப்பது எளிது. முழுமையாக அகன்றதா என்று பார்ப்பது சற்றுக் கடினம். ஆறு மாதம் காத்திருந்து, பெண்ணைக் கேட்டு எழுதுவது எல்லாவற்றிலும் கடினம். எளிதில் அளக்கக்கூடியதை அளந்துவிட்டு, அளக்கவேண்டியதை அளந்ததாக எண்ணிக்கொள்வது எங்கள் ஆய்வுக்கூடத்திலும் நடக்கும் பிழைதான்.

நேரத்துக்குப் பொருளே இல்லை என்று சொல்லவில்லை. விழித்திருக்கும் பெண்ணுக்கு ஐந்து நிமிட வலிக்கும் பத்து நிமிட வலிக்கும் வேறுபாடு உண்டு. உட்கவரப்படும் திரவமும் நேரத்தோடு கூடும். ஆனால் முழு மயக்கத்தில் இருப்பவருக்கு, மயக்கம் கொடுக்கவும் தெளியவும் ஆகும் நேரத்தின் முன் அந்த ஐந்து நிமிடம் சிறிது. ஒரே எண், இடத்துக்கேற்பப் பொருள் மாறுகிறது.

நான் கண்ட முடிவு

இந்த ஆய்வுகளைப் படித்த அளவில் எனக்குத் தோன்றுவது இது. மிகப்பெரிய இடைவெளி, பார்த்துச் செய்வதற்கும் பாராமல் செய்வதற்கும் இடையே இருக்கிறது. அகநோக்கி கிடைக்கும் இடத்தில், பாலிப்புக்கென்று இருட்டில் சுரண்டுவதற்கு நியாயம் இல்லை. பார்த்துச் செய்யும் நான்கினுள் உள்ள வேறுபாடுகள் உண்மையானவை. ஆனால் சூழ்நிலையைச் சார்ந்தவை. காம்புள்ள சிறு பாலிப்புக்குத் தேர்ந்த கையில் கத்தரிக்கோல் போதுமானது, செலவும் குறைவு. பெரிதாக, அகன்ற அடியுடன், விழித்திருக்கும் நோயாளியிடம் என்றால் மார்சிலேட்டரின் சார்பில் நல்ல சான்று இருக்கிறது. மின்சாரம் தேவைப்படும் இடத்தில், உப்புக் கரைசலில் இயங்கும் இரட்டைமுனையே ஒற்றைமுனையைவிடப் பாதுகாப்பானது. அது வெறும் கருத்து அன்று, மேலே போட்ட கணக்கு.

ஆகவே, இப்படி ஒரு வண்ணத்தாள் உங்கள் கைக்கு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டார்கள்? யார் கையால் செய்தார்கள்? எந்த இடத்தில், விழித்த நிலையிலா மயக்கத்திலா? வெற்றி என்று எதைக் கணக்கிட்டார்கள்? இந்த நான்குக்கும் விடை இல்லாத பட்டை வரைபடம், அலகு எழுதாத அளவீடே.

இவற்றையெல்லாம் அக்காவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மருத்துவரிடம் காட்டினாள். அவர் வருத்தப்படவில்லை, பொறுமையாக விடை சொன்னார். காம்புள்ளதுதான், கத்தரிக்கோலே போதும் என்றார். அன்று மாலையே அக்கா வீடு திரும்பினாள். ஆய்வுக்கூட முடிவில் தீங்கு ஏதும் இல்லை. கருப்பையை எடுக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. உதிரப்போக்கும் கட்டுக்குள் இருக்கிறது. ஓர் அளவீட்டை வைத்து விதி வகுக்கக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவன் நான். ஆகவே இதைச் சான்றாகக் கூறவில்லை. ஆனால் அந்த ஆறு மாதக் கேள்வியை நானும் அவளிடம் கேட்டேன். "தொல்லை தீர்ந்ததா?" என்றேன். "தீர்ந்தது. ஆனால் முதல் முறையே உள்ளே பார்த்திருக்கலாம் இல்லையா, தம்பி?" என்றாள்.

எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் பார்த்து வைக்கவில்லை.